சத்தமில்லாத துப்பாக்கி

ஒரு காடு. காடு என்றதும் புலி உறுமுகிற பெரிய வனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளே. சூரைமுள்ளும் ஆவாரஞ்செடியும் மண்டிக் கிடக்கிற கரட்டுக்காடு. விடியற்காலையில் கண்மாயிலிருந்து பனி எழுந்து வந்து அதை மூடிவிடும். அப்போது மரங்களுக்குக் கால் இருக்காது, தலை மட்டும் மிதக்கும். எந்த ஊர்க் காடு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். பேசாமல் கதையைக் கேளுங்கள்.

காட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு இருந்தது. அதில் இருளப்பன் என்கிற வேட்டைக்காரரும் அவர் மனைவி குருவம்மாவும் குடியிருந்தார்கள். கௌதாரி, காடை, முயல் என்று இருளப்பன் சுட்டுக்கொண்டு வருவதில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் அவருடைய நாய் போன மழைக்காலத்தில் செத்துப்போய்விட்டது. நாய் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுட்ட பறவை முள்ளுக்குள் விழும். தேடித் தேடிக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

அதனால் ஒரு குட்டியை எடுத்து வளர்த்தார்கள். செவலை நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. பேர் மோப்பன். அவனுடைய சொத்தெல்லாம் மூக்குதான். அம்மாடி, அது என்ன மூக்கு! கண்மாய்க்கு அக்கரையில் யார் வீட்டில் கருவாடு வறுத்தாலும் இக்கரையில் இவன் வாயில் எச்சில் ஊறும்.

மோப்பனுக்கு ஒரு கனவும் உண்டு. தினமும் மத்தியானம் கட்டிலுக்கடியில் சுருண்டு படுப்பான். கொஞ்ச நேரத்தில் அவன் கால்கள் படுத்தபடியே ஓடத் தொடங்கும்.

கனவில் எங்கு பார்த்தாலும் பனி. பாதத்துக்கடியில் புல் ஈரமாக இருக்கும். இருளப்பன் முன்னால் நடப்பார். ஒரு கௌதாரி, அவசரமே இல்லாமல், மெல்ல மெல்ல எழும்பும். துப்பாக்கி நீளும். குழாயின் வாயிலிருந்து ஒரு சுருள் புகை வரும். கௌதாரி உதிர்ந்த இலை மாதிரி ஆடி ஆடிக் கீழே இறங்கும். மோப்பன் போய்ப் பல் படாமல் அதைக் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பான். இருளப்பன் அவன் தலையைத் தடவிக் கொடுப்பார். அவ்வளவுதான் கனவு. அதற்கே அவன் வால் தூக்கத்தில் தரையைப் பெருக்கும்.

அந்தக் கனவில் ஒன்று குறைகிறதே, கவனித்தீர்களா? துப்பாக்கிக்குச் சத்தமே இல்லை. பாவம், அவன் அதைக் கேட்டதே இல்லை. சுவரில் தொங்குகிற துப்பாக்கியைத்தான் அவனுக்குத் தெரியும். அதன் வெடிமருந்து வாசனை தெரியும். இருளப்பன் மலையைத் தாண்டிப் போய்த்தான் சுடுவார். குட்டி காதுபட வெடிக்கக் கூடாது என்பது குருவம்மாவின் உத்தரவு.

அவன் காதைப் பழக்குவதற்கென்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மோப்பன் கூழ் குடிக்கும் வேளையில் குருவம்மா ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் நிற்பாள். அவன் வாயை வைத்ததும் டங்கென்று ஒரு அடி அடிப்பாள். முதலில் கண்மாய்க் கரையில் நின்று அடித்தாள். மோப்பன் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். பிறகு பழகிப்போய் வாலை ஆட்டிக்கொண்டே குடித்தான். உடனே தட்டு புளியமரத்தடிக்கு வந்தது. அங்கும் பழகியது. இப்போது கிணற்றடியில் அடிக்கிறாள். அடுத்து மாட்டுத்தொழுவம். அதற்கப்புறம் வாசல்.

"தட்டு வாசலுக்கு வரட்டும். காதோரம் அடிச்சாலும் கூழை விட்டுத் தலையைத் தூக்கக் கூடாது. அதுக்கப்புறம்தான் காடு" என்பாள் குருவம்மா.

மோப்பனுக்கு இது எதுவும் விளங்கவில்லை. கூழுக்கும் தட்டுக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலோடு குடித்தான்.

இனி சூரைப் புதருக்குள் வாருங்கள். முள் குத்தும், பார்த்து.

அங்கே சாமந்தி என்று ஒரு கௌதாரி இருந்தாள். அவளைப்போல் தந்திரக்காரி அந்தக் காட்டிலேயே கிடையாது. புதரடியில் புல்லைக் குழித்து முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் முள்ளின் இடுக்கு வழியாக அந்த ஓட்டு வீட்டைப் பார்த்தாள்.

வீட்டு முற்றத்தில் மோப்பன் நின்றுகொண்டிருந்தான். ஒரு முன்னங்காலைத் தூக்கியிருந்தான். வால் நீண்டிருந்தது. மூக்கு நேராக அவள் புதரைக் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து!

"ஐயோ, என் குடி கெட்டுச்சே!" என்று சாமந்தி நடுங்கினாள். "இந்த மூக்கும் அந்தத் துப்பாக்கியும் ஒண்ணாச் சேர்ந்தா என் பிள்ளைகள் ஒண்ணுகூட மிஞ்சாதே!"

முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? முடியாது. அவள் யோசித்தாள். டங்கென்று கிணற்றடியில் தட்டுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நாளுக்கு நாள் கிட்டே வருவதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு அடிக்கிறார்கள் என்று இப்போது சட்டென்று விளங்கிவிட்டது.

போன கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு நாயைப் பார்த்திருந்தாள். வெடிச் சத்தத்துக்குப் பழகுவதற்கு முன்பே வேட்டைக்கு இழுத்துக்கொண்டு வந்த நாய். முதல் வெடியிலேயே வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டது. அப்புறம் அதைக் காட்டுப்பக்கம் யாரும் கூட்டிவர முடியவில்லை.

"இவன் உரிய நேரத்தில் வந்தால் நான் செத்தேன். நேரத்துக்கு முன்னால் வந்தால்?" என்று சாமந்தி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "தட்டு வாசலுக்கு வருவதற்குள் இவனைக் காட்டுக்கு வரவழைத்துவிட வேண்டும்!"

அன்று மத்தியானமே வேலியோரம் வந்து நின்றாள். அப்போதுதான் மோப்பன் கனவிலிருந்து விழித்திருந்தான். எதிரில் நிஜக் கௌதாரி. அவனுக்குக் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"கும்பிடுறேன் ராசா" என்றாள் சாமந்தி.

"அக்கா, உங்களைப் பிடிக்கிறதுக்குத்தான் என்னை வளர்க்கிறாங்க. தெரியாம வந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். உன்னைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்த்துடணும்னு ஆசை. உன் பேரைச் சொன்னா எங்க பிள்ளைகள் அழுகையை நிறுத்துது. முயல் எல்லாம் வளையை விட்டுட்டு வேற ஊர் பார்க்குது. இப்படி ஒரு மூக்கை நாங்க கண்டதே இல்லை, சாமி."

மோப்பனின் நெஞ்சு வெள்ளை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. "நிஜமாவா?"

"பொய் சொன்னா என் அலகு அழுகிப்போகும். ஒண்ணுதான் புரியலை. இவ்வளவு பெரிய வேட்டைக்காரன் எதுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி தட்டுச் சத்தத்துக்குக் கூழ் குடிக்கிறான்? அதைப் பார்த்துட்டு நேற்று ஒரு காடைக்குஞ்சுகூடச் சிரிச்சுது. எனக்குத்தான் மனசு கேட்கலை."

காடைக்குஞ்சு சிரித்ததாம்! அது பொரிந்து இன்னும் ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை, அது சிரித்ததாம். இதை நம்ப ஒரு ஆள் வேண்டாமா? மோப்பன் நம்பினான். அவன் காது இரண்டும் தொங்கிவிட்டன.

"தட்டு வாசலுக்கு வரணுமாம் அக்கா. வந்தாத்தான் காடாம்."

"காட்டில் யாரு தட்டு அடிக்கிறா? நீயே சொல்லு. உனக்கு மூக்கு இருக்கு, கால் இருக்கு. இன்னும் என்ன வேணும்? நீ தயார் ராசா. உன்னைத் தயார் இல்லைன்னு சொல்றவங்களுக்கு உன் அருமை தெரியலை."

சொல்லிவிட்டுச் சாமந்தி புல்லுக்குள் மறைந்தாள். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மோப்பன் முட்டாள் இல்லை. இன்னொருவரையும் கேட்டுவிடுவோம் என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் யாரைப் போய்க் கேட்டான் தெரியுமா? வேலிக்காலில் உட்கார்ந்திருந்த ஓணானை.

"ஓணாண்ணே, நான் தயார்தானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"வேட்டைக்குப் போகலாந்தானே?"

ஓணான் இன்னும் வேகமாக ஆட்டியது. சிரிக்காதீர்கள். ஓணானிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான் ஆட்டும். "உன்னைப் பாம்பு தின்னட்டுமா?" என்று கேட்டாலும் ஆட்டும். ஆனால் மோப்பனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அவன் சும்மா இருக்கவில்லை. இருளப்பன் திண்டாட்டத்தில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். மலைக்கு அப்பால் போய்விட்டு வெறுங்கையோடு அவர் திரும்பும்போதெல்லாம் முற்றத்தின் நடுவில் போய் நின்று காட்டைக் காட்டுவான். முன்னங்கால் மேலே, வால் நேரே, மூக்கு புதரைப் பார்த்து. ஒரு ஈ வந்து கண்ணில் உட்கார்ந்தாலும் அசையமாட்டான்.

இருளப்பன் ஒருநாள் அவன் பார்த்த திசையில் நடந்துபோனார். காலடியிலிருந்து ஒரு காடை விருட்டென்று பறந்தது. அவர் அப்படியே மலைத்துப்போனார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரக்காரர். ஆசையும் பசியும் சேர்ந்துகொண்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

"குருவம்மா! இங்கே வந்து பாரு! இவன் மூக்கைப் பாருடி! இதுக்கு மேலே இவனுக்கு என்ன பழக்கணும்? நாளைக்குக் காலையிலே கூட்டிட்டுப் போறேன்."

"தட்டு இன்னும் கிணத்தடியிலதாங்க இருக்கு" என்றாள் குருவம்மா.

"தட்டாவது கிட்டாவது!"

"மூக்கு தயாரா இருக்குங்க. நான் இல்லைங்கலை. காது தயாரா இல்லையே. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க. பசி எனக்கும்தான் இருக்கு."

"சுட்ட பறவையை முள்ளுக்குள்ள விட்டுட்டு வர்றவன் நான். உனக்கென்ன தெரியும் அந்த வயித்தெரிச்சல்!"

குருவம்மா தட்டை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கும் கிணற்றடிக்குப் போய்த் தட்டை அடித்தாள். மோப்பன் கூழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குப் பசியே இல்லை.

மறுநாள் காலை பனி நிறைய இறங்கியிருந்தது. இருளப்பன் முன்னால் நடந்தார். மோப்பன் பின்னால் போனான். பாதத்துக்கடியில் புல் ஈரமாக இருந்தது. மரங்களின் தலைகள் மட்டும் மிதந்தன. சிலந்தி வலைகளில் பனித்துளி கோத்திருந்தது. சூரியன் எங்கோ பாலுக்குள் விழுந்த பழம்போலத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"இது கனவா, விழித்திருக்கிறேனா?" என்று மோப்பனுக்கே சந்தேகம் வந்தது. எல்லாம் அப்படியே இருந்தன. அவன் கால்கள் தரையில் படுவதே அவனுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. நான் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். நிறுத்தினால் நீங்கள் விடமாட்டீர்கள்.

வாசனை வந்தது. சூரைப் புதர்ப் பக்கமிருந்து, சூடான கௌதாரி வாசனை. மோப்பன் நின்றான். முன்னங்கால் எழுந்தது. இருளப்பன் துப்பாக்கியைத் தூக்கினார்.

புதருக்குள் சாமந்தி முட்டைகளைப் பார்த்தாள். இறக்கையால் ஒருமுறை தடவினாள். அவள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். புல்லுக்குள் ஊர்ந்து முட்டைகளை விட்டுத் தள்ளிப் போனாள். பிறகு எழும்பினாள். மற்ற கௌதாரிகள்போல நாயை விட்டு எதிர்ப்பக்கம் பறக்கவில்லை. நேராக நாயைப் பார்த்தே வந்தாள். மோப்பனின் தலைக்கு மேலாக, காதை உரசுகிற மாதிரி, பறந்தாள்.

இருளப்பனின் துப்பாக்கி அவளோடு சேர்ந்து திரும்பியது. குழாய் மோப்பனின் தலைக்கு நேர்மேலே வந்தபோது அவர் விசையை இழுத்தார்.

மோப்பன் அண்ணாந்து புகைச் சுருளுக்காகக் காத்திருந்தான்.

வந்தது புகை இல்லை. வானம் பிளந்து அவன் தலையில் விழுந்தது. காதுக்குள் தீ போனது. பனி, மரம், புல், வாசனை எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டன. அவன் கத்தினான். தான் கத்தியதே அவனுக்குக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் முள்ளுக்குள்ளும் கல்லுக்குள்ளும் விழுந்து புரண்டு ஓடினான்.

"மோப்பா! டேய் மோப்பா! வாடா!" என்று இருளப்பன் கூப்பிட்டார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். இன்னும் வேகமாக ஓடினான்.

சாமந்திக்கு வாலில் ஒரு இறகு போயிற்று. வேறொன்றும் ஆகவில்லை. வெயில் ஏறுவதற்குள் முட்டைகளின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மோப்பன் கட்டிலுக்கடியில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தான். குருவம்மா கூழைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் வரவில்லை. மடியில் தூக்கி வைத்து முள்ளெடுத்து மஞ்சள் பூசினாள். பொழுது சாயும்வரைக்கும் அவன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நான்தான் கெடுத்துட்டேன்" என்றார் இருளப்பன். "அருமையான நாய். நானே கெடுத்துட்டேன்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குருவம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய், பூ விழுந்த மாதிரி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். மோப்பன் கூழை விட்டுவிட்டு உள்ளே ஓடினான். கண்மாயைத் தாண்டி அக்கரைக்குப் போய் அடித்தாள். அதற்கும் ஓடினான். கடைசியில் தட்டைப் பரணில் போட்டுவிட்டாள். இருளப்பன் துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கண்மாய்க்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்.

நாட்கள் போயின. சாமந்தியின் முட்டைகள் எல்லாம் பொரிந்தன. குஞ்சுகள் வேலி இடுக்கு வழியாக முற்றத்துக்கே வந்து, மோப்பனின் கிண்ணத்தைச் சுற்றிச் சிந்தியிருந்த கம்பங்கூழ்ப் பருக்கைகளைப் பொறுக்கித் தின்றன. மோப்பன் வாசற்படியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு இன்னும் அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு குஞ்சின் வாசனையும் அவனுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

"அக்கா" என்றான்.

சாமந்தி நின்றாள்.

"நான் தயார்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"எனக்கு நல்லது நினைச்சுத்தானே சொன்னீங்க?"

சாமந்தி தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தந்திரக்காரிதான். ஆனால் இப்போது பொய் சொல்ல அவளுக்குத் தேவை இல்லை.

"இல்லை தம்பி. உன் மூக்குக்குப் பயந்து சொன்னேன். அந்தத் தட்டு வாசலுக்கு வந்திருந்தா இதுகளில் ஒண்ணுகூட இன்னைக்கு இங்கே மேய்ந்திருக்காது. உன்னை அவசரப்படுத்தினது நான். பொறுக்கச் சொன்னது கூழ் ஊத்தினவங்க. யார் பேச்சைக் கேட்கணும்னு நீதான் யோசிச்சிருக்கணும்."

வேலிக்காலில் ஓணான் தலையை ஆட்டியது.

அன்று மத்தியானமும் மோப்பன் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு படுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கால்கள் ஓடத் தொடங்கின. எங்கு பார்த்தாலும் பனி. புல் ஈரமாக இருந்தது. ஒரு கௌதாரி மெல்ல மெல்ல எழும்பியது. துப்பாக்கி நீண்டது. சத்தமே இல்லாமல் ஒரு சுருள் புகை வந்தது. பறவை ஆடி ஆடிக் கீழே இறங்கியது. அவன் பல் படாமல் கவ்விக்கொண்டு திரும்பி வந்தான். இருளப்பன் குனிந்து கையை நீட்டினார்.

அடுப்படியில் குருவம்மாவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

மோப்பன் விழித்துக்கொண்டான். சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான். வெளியே முற்றத்தில் கௌதாரிக் குஞ்சுகள் அவன் கிண்ணத்தில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

நீதி: திறமை வந்துவிட்டாலே நேரமும் வந்துவிட்டது என்று ஆகாது; "நீ தயார்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தால் யாருக்கு லாபம் என்று முதலில் பார்.